மூன்றாம் பாகம் வல்லத்திராக்கோட்டையில் இருக்கிறது

திருமயத்தில் எரிந்துபோன மோட்டார் எதுவாக இருந்தாலும் செம்மலின் பட்டறையில் கொண்டுபோய்ப் போட்டால் மூன்றாம் நாள் தண்ணீர் இறைக்கும். முப்பது வருஷமாகச் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றியே காலம் தள்ளியவர். படிப்பு எட்டாவது. அதற்கப்புறம் அவர் முழுசாகப் படித்தது மோட்டார் கம்பெனிக்காரன் கூடவே வைத்து அனுப்புகிற உத்தரவாத அட்டை மட்டும்தான். அப்பேர்ப்பட்ட மனுஷனை ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கதைப்புத்தகத்துக்குப் பின்னால் ஊர் ஊராக அலையவிட்ட பெருமை ஊரக வாசிப்பு வாரியத்தையே சேரும்.

இந்த வாரியத்தை அரசாங்க நூலகத்தோடு யாரும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே செம்மல் முதலிலேயே போய்க் கேட்டுவிட்டார். அவர்கள் அலமாரி அலமாரியாகத் தேடிப் பார்த்து, இல்லை என்று சொல்லி, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். இல்லாததை இல்லை என்று சொல்கிற இடத்தில் கதைக்கு என்ன வேலை? வாரியம் அப்படிப்பட்டதில்லை. வாரியத்தில் எல்லாம் இருக்கிறது.

விஷயம் இதுதான். செம்மலின் மனைவி பிரகதீஸ்வரிக்கு இருதயம் பெருத்துப்போய்விட்டது. புதுக்கோட்டை டாக்டர் நல்ல மனுஷன். செம்மலை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "ஆறு மாசம்னு வச்சுக்கங்க. அதுக்குள்ள அவங்க எதுக்காச்சும் ஆசப்பட்டா செஞ்சு குடுங்க" என்றார். செம்மல் ஆஸ்பத்திரி வாசலில் நின்று மூக்கைச் சிந்திவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காதவர்போல, "ஒனக்கு எங்கிட்டாச்சும் போகணும்னு ஆச இருக்கா புள்ள?" என்று கேட்டார். பழனி, கொடைக்கானல், மிஞ்சினால் ராமேஸ்வரம் என்று மனதுக்குள் கார் வாடகைவரை போட்டு வைத்திருந்தார்.

"செங்கமலம் கேசு என்னாச்சுன்னு தெரியணுங்க" என்றாள் பிரகதீஸ்வரி.

அவள் திருமயம் கோர்ட்டு வக்கீல் ஒருவரிடம் இருபத்து நாலு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். ஆனால் செங்கமலம் என்பவள் அந்த வக்கீலின் கட்சிக்காரி இல்லை. ஒரு தொடர்கதையின் கதாநாயகி. தாய் எழுதிவைத்த வீட்டை அண்ணன் தம்பிகள் பிடுங்கிக்கொள்ள, ஒற்றைப் பொம்பளையாக இருபத்திரண்டு வருஷம் வழக்காடுகிறவள். பிரகதீஸ்வரி பாவாடை தாவணி போட்ட காலத்தில் அது ஒரு வாரப்பத்திரிகையில் வந்தது. வழக்கு சூடு பிடித்த நேரத்தில் பத்திரிகை நின்றுபோனது. பிறகு "செங்கமலத்தின் வழக்கு" என்று மூன்று பாகமாகப் புத்தகம் வந்ததாம். போட்ட பதிப்பகமும் இப்போது இல்லை. மதுரையில் பழைய புத்தகக்காரர்களிடம் எல்லாம் கேட்டாயிற்று. செல்போனில் தேடினால் அட்டைப்படம் மட்டும் வந்து நின்றது.

கடைசியில் பார்த்தால் உள்ளூரிலேயே, வாரியத்தின் கிளையில், முதல் பாகம் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது. செம்மலுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

வாரியத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு உண்டு. 'எமது பதினான்கு சேவைகள்' என்று தலைப்பு. இரவல் சேவை, இருக்கைச் சேவை, இருக்கையில்லா வாசகர்க்கு நிற்கும் சேவை, குடிநீர்ச் சேவை (குடம் வந்ததும்) என்று போய்க்கொண்டே இருக்கும். உள்ளே அன்புமொழி என்ற இருபத்தாறு வயதுப் பெண் ஒப்பந்தச் சம்பளத்தில் நூலகராக இருந்தாள். அந்தப் புள்ளையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். முதல் பாகத்தைத் தூசி தட்டி, ஒரே நாளில் உறுப்பினர் அட்டையும் போட்டுக் கொடுத்தாள். பிரகதீஸ்வரி நாலே நாளில் படித்து முடித்தாள். செம்மல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ரெண்டாம் பாகம் குடும்மா" என்று கையை நீட்டினார்.

"அது இங்கிட்டு இல்லைங்கய்யா. ஆவுடையார்கோவில் கிளையில இருக்கு."

"மூணாவது?"

"வல்லத்திராக்கோட்டையில."

செம்மலுக்குப் புரியவில்லை. "ஒரே கதைதானம்மா?"

"கதை ஒண்ணுதாங்கய்யா. கிளை மூணுல்ல." அன்புமொழி தலையைக் குனிந்துகொண்டாள். "ஏழாம் எண் சேவை இருக்கு. கிளைகளுக்கிடை நூல் பரிமாற்றம். மூணு பிரதியில விண்ணப்பம் குடுத்தா தொண்ணூறு வேலை நாள்ல புத்தகம் இங்க வந்துரும்."

"வேலை நாள்னா?"

"லீவெல்லாம் போக நாலரை மாசம் ஆகும். அது திரும்பிப் போனப்பறம்தான் மூணாம் பாகத்துக்கு விண்ணப்பிக்க முடியும்."

ஒன்பது மாதம். டாக்டர் கொடுத்தது ஆறு. செம்மல் அவள் நீட்டிய விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

ஆவுடையார்கோவில் போக மூன்று பஸ் மாற வேண்டும். அங்கே கிளை நூலகர் சாதிக் பாட்சா, ஓய்வுக்கு ஒரு வருஷம் பாக்கி வைத்திருக்கிற மரியாதையான மனுஷர். விஷயத்தைக் கேட்டதும் இரண்டாம் பாகத்தை எடுத்து, துணியால் துடைத்து, மேசைமேல் வைத்தார். செம்மல் கையை வைத்தார். சாதிக் பாட்சாவும் அதே புத்தகத்தின்மேல் கையை வைத்தார்.

"அண்ணே, ஒங்க அட்டை திருமயம் அட்டை. இங்க செல்லாது. இங்க புதுசா அட்டை போடணும்னா இந்தத் தாலுகாவுல குடியிருக்கணும்."

"பாய், எம் பொண்டாட்டி படுக்கையில கெடக்கா."

"தெரியுதுண்ணே. நான் என்ன செய்ய? ஆனா இங்க உக்காந்து படிக்கலாம். ரெண்டாம் எண், இருக்கைச் சேவை. அதுக்கு அட்டையே வேணாம்." சாதிக் பாட்சா எழுந்து தன்னுடைய நாற்காலியையே இழுத்துப் போட்டார். அந்தக் கிளையில் இருந்த நாற்காலியும் அது ஒன்றுதான்.

செம்மல் உட்கார்ந்தார். வேறென்ன செய்வார்? ஐம்பது வருஷத்தில் கதை என்று ஒன்றைப் படித்தறியாத மனுஷர், எழுத்து எழுத்தாகக் கூட்டி, உதட்டை அசைத்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வரியின் கீழ் விரலை ஓட்டிப் படித்தார். பட்டறையைப் பூட்டிப்போட்டுவிட்டு ஒன்பது நாள் போனார். காலையில் மூன்று பஸ், சாயங்காலம் மூன்று பஸ். வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்குப் படித்ததை மனைவியிடம் ஒப்பிப்பார்.

"இன்னைக்கு ஒரு பொம்பள சாட்சி சொன்னா."

"எந்தப் பொம்பளங்க?"

"ஏதோ ஒரு பொம்பள, புள்ள. கூண்டுல ஏறுனா, சொன்னா, எறங்குனா."

"செங்கமலத்தோட நாத்தனாரா, பக்கத்து வீட்டுக்காரியா?"

"அது... கவனிக்கலயே."

"நாத்தனான்னா கேசே வேற மாதிரி திரும்பும்ங்க. என்னங்க நீங்க! நாளைக்குப் போயிப் பாத்துட்டு வாங்க."

அந்த நாத்தனாருக்காக மறுநாள் மூன்று பஸ் ஏறினார் செம்மல். கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் பிரகதீஸ்வரி தலையணையில் சாய்ந்துகொண்டு அவரைக் குறுக்கு விசாரணை செய்கிற அந்த அரைமணி நேரத்தில் அவள் முகத்துக்கு ரத்தம் வந்ததையும் பார்த்தார். அதற்காக முப்பது பஸ்கூட ஏறலாம் என்று அவருக்குத் தோன்றியது.

இந்த ஒன்பது நாளில் வாரியத்துக்கும் ஒரு நன்மை விளைந்தது. ஆவுடையார்கோவில் கிளையின் வருகைப் பதிவேட்டில் அதுவரை தினமும் ஒரே கையெழுத்து, சாதிக் பாட்சாவுடையது. இப்போது இரண்டு. வாசகர் வருகை நூறு விழுக்காடு உயர்ந்துவிட்டதாகத் தலைமையகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. செம்மல் படித்து முடித்துப் போனதும், வருகை ஏன் திடீரென்று பாதியாகச் சரிந்தது என்று விளக்கம் கேட்டு அடுத்த கடிதம் வந்தது.

இரண்டாம் பாகத்தில் கீழ்க்கோர்ட்டில் செங்கமலம் தோற்றுவிட்டாள். மேல்கோர்ட்டில் அப்பீல் போட்டதோடு பாகம் முடிந்தது. அன்றைக்குப் பிரகதீஸ்வரி கஞ்சி குடிக்கவில்லை. "அந்த ஜட்ஜுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று திட்டிக்கொண்டே கிடந்தாள்.

செம்மல் வல்லத்திராக்கோட்டைக்குப் போனார். புதுக்கோட்டையிலிருந்து பக்கம்தான். இங்கேயும் உட்கார்ந்து படித்து ஒப்பித்துவிடலாம், ஒரு வாரத்தில் தீர்ப்பு வந்துவிடும் என்று கணக்கு. கிளை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். எதிர் அலமாரியில், இரண்டாவது தட்டில், சிவப்பு அட்டையோடு மூன்றாம் பாகம் நின்றுகொண்டிருந்தது. கையை நீட்டினால் முழங்கைவரை கம்பிக்குள் போனது. புத்தகம் இன்னும் எட்டடி தள்ளி இருந்தது.

எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தார். கையில் படிவம் செருகிய அட்டையும் பேனாவுமாக ஒரு அம்மாள் வந்தார். வாரியத்தின் வல்லத்திராக்கோட்டை நூலகரே அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

"வணக்கங்கய்யா. மக்கள் ஏன் நூலகத்துக்கு வாரதில்லைன்னு வாரியம் ஆய்வு நடத்துது. நீங்க ஏன் வாரதில்லை? நேரமில்லையா, ஆர்வமில்லையா, செல்போனா?"

"வந்தேன்மா. பூட்டிக் கெடக்கு."

அம்மாள் அட்டையை மேலும் கீழும் பார்த்தார். "அப்படி ஒரு பதில் இதுல இல்லைங்களே."

"நீங்கதானம்மா அதைத் தொறக்கணும்?"

"நான் ஆய்வுல இருக்கேன்ல. ஆய்வு முடியிற வரைக்கும் கிளையைத் தொறக்கக் கூடாதுன்னு சாவியைத் தலைமையகத்துல வாங்கி வச்சுக்கிட்டாக. இன்னும் பதினெட்டு கிராமம் பாக்கி. பங்குனி வாக்குல முடிஞ்சுரும்." அப்போது நடந்துகொண்டிருந்தது ஆவணி. "ஒங்களுக்கு 'ஆர்வமின்மை'ன்னு போட்டுக்கவா? ஏதாச்சும் ஒண்ணு போட்டாகணும்."

அம்மாள் ஆர்வமின்மை என்று போட்டுக்கொண்டு போனார். செம்மல் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்.

தலைமையகத்தில் வாரியச் செயலர் ரெங்கராஜ் அவர்களைப் பார்க்க இரண்டு நாள் காத்திருந்தார். மூன்றாம் நாள் பார்த்தார். செயலர் நல்ல உயரம், நல்ல குரல். பேசினால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது என்று பெயர் வாங்கியவர். ஒருமுறை அவர் பேசி முடிப்பதற்குள் பந்தல்காரன் பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிட்டான் என்பார்கள். எதிரே நிற்பது ஒரே ஆளாக இருந்தாலும் சபைக்குப் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

"மூன்று பாகத்தையும் ஏன் ஒரே கிளையில் வைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. நான் திருப்பிக் கேட்கிறேன். திருமயத்துக்கு மூன்று பாகமும் கொடுத்துவிட்டால் ஆவுடையார்கோவில் என்ன பாவம் செய்தது? வல்லத்திராக்கோட்டை மக்கள் மனுஷர்கள் இல்லையா? சமச்சீர்ப் பங்கீடு! இது எங்கள் வாரியத்தின் உயிர்நாடி. இருபத்தாறு தொகுதிக் கலைக்களஞ்சியம் ஒன்று வந்தது. இருபத்தாறு கிளைக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். இன்றைக்கு ஒரு கிளையில் யானையைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். இன்னொரு கிளையில் பூனையைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். அகராதியைக்கூடப் பிரித்துத்தான் பைண்டு பண்ணினோம். எந்த ஊருக்கும் மனக்குறை கிடையாது."

"படிக்கிறவங்களுக்குங்கய்யா?"

"படிக்கிறவர்களா?" செயலர் அந்தச் சொல்லை முதல் தடவையாகக் கேட்பவர்போல நிறுத்தினார். "பதினேழு வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். படிக்க முடியவில்லை என்று ஒரு புகார் வந்ததில்லை. கிளைக்குப் புத்தகம் வரவில்லை என்றுதான் வரும். ஆகவே கிளைகளைத் திருப்திப்படுத்தினேன்."

செம்மல் கையைக் கூப்பினார். எல்லாவற்றையும் சொன்னார். நெஞ்சு பெருத்ததை, டாக்டர் தனியாகக் கூப்பிட்டதை, ஆறு மாதத்தில் இரண்டு போய்விட்டதை. "அந்தச் சாவிய ஒரு நாளைக்குக் குடுங்கய்யா, போதும்" என்றார்.

செயலரின் முகம் மலர்ந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"உங்கள் துணைவியார் படுக்கையிலா இருக்கிறார்?"

"ஆமாங்கய்யா."

"எழுந்து நடமாட முடியாது?"

"முடியாதுங்கய்யா."

"ஆனால் படிப்பார்?"

"நல்லாப் படிப்பாய்யா."

"அடடா! பதினான்காம் எண் சேவை! இல்லந்தேடி நூல்! ஒன்றரை வருடமாகத் திறப்பு விழாவுக்குத் தகுந்த நோயாளி கிடைக்காமல் நிற்கிறது. கிடைத்த நோயாளிக்குப் படிக்கத் தெரியவில்லை, படிக்கத் தெரிந்தவர் குணமாகிவிடுகிறார். நீங்கள் ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?"

விழா உங்கள் வீட்டு வாசலிலேயே நடக்கும், மூன்றாம் பாகத்தை என் கையாலேயே அம்மையாருக்குக் கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். ஒரு சான்றிதழ் மட்டும் வேண்டும். நூலகத்துக்கு நடந்து வர முடியாத அளவுக்கு நலக்குறைவு, ஆனால் விழாவுக்கு உட்கார்ந்திருக்கும் அளவுக்கு நலம் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். டாக்டர் அதைக் கேட்டுவிட்டுச் செம்மலின் முகத்தைப் பார்த்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தேதி குறிக்க இரண்டு மாதம் பிடித்தது. முதலில் செயலருக்குப் பயிற்சி முகாம், பிறகு மழை, பிறகு மூன்றாம் பாகத்தை அலமாரியிலிருந்து எடுக்க ஆய்வுக் குழுவின் அனுமதி. அதற்குள் பிரகதீஸ்வரி இன்னும் இளைத்துவிட்டாள். மூச்சு வாங்குகிறபோதெல்லாம் செம்மல், "இந்தா, புத்தகம் வந்துரும் புள்ள" என்பார். மருந்துக்குப் பதில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

விழாவுக்கு முதல் நாள் தெருமுனையில் பிளக்ஸ் வைத்தார்கள். பிரகதீஸ்வரியின் போட்டோ நடுவில். சுற்றிலும் பூ பார்டர். கீழே 'இல்லந்தேடி' என்று பெரிசாகவும் 'நூல்' என்று பொடியாகவும். மேலே செயலர் கைகூப்பி நின்றார். பிளக்ஸ் கடைக்காரனிடம் பூ பார்டர் ஒரே மாதிரிதான் உண்டு போலிருக்கிறது. சாயங்காலத்துக்குள் கடியாபட்டியிலிருந்து இரண்டு சித்தப்பாமார் மாலையோடு வந்து இறங்கிவிட்டார்கள். எதிர்வீட்டு ஆரோக்கியம்மாள் தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு, "நேத்துக்கூடப் பேசுனாளே எங்கம்மா!" என்று ஓடிவந்தவர், கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தவளைப் பார்த்ததும் அழுகையை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே அழுதார்.

பிரகதீஸ்வரி பிளக்ஸைச் செல்போனில் படம் பிடித்துவரச் சொல்லிப் பார்த்தாள். "போட்டோ நல்லாத்தாங்க இருக்கு. விழா முடிஞ்சதும் அவுத்து, சுருட்டி உள்ள வச்சிருங்க" என்றாள்.

செம்மல் வெளியே போய்த் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் நின்றார். அன்புமொழி அங்கேதான் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அய்யா, ஒண்ணு சொல்லணும். யாரும் ஒங்ககிட்டச் சொல்லிருக்க மாட்டாக." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாளைக்குப் புத்தகத்தைக் குடுப்பாக. ஆனா விழா முடிஞ்சதும் திருப்பி வாங்கிக்குவாக."

"என்னம்மா சொல்றே?"

"அறிக்கை மேலிடத்துக்குப் போயி, ஒப்புதல் வந்தப்பறம்தான் சேவை தொடங்குமாம். நாளைக்கு வெறும் திறப்பு விழாதான்."

செம்மல் தலையில் கையை வைத்துக்கொண்டு தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். அன்புமொழியே தொடர்ந்தாள்.

"போட்டோகிராபருக்கு நாளைக்கு ஒரு காதுகுத்து இருக்கு. அதனால புத்தகம் குடுக்கிறதை மொதல்ல வச்சிருக்காக. பேச்செல்லாம் அதுக்கப்பறம்தான். பேசி முடிக்கிற வரைக்கும் புத்தகம் அம்மா மடியிலதான இருக்கும்?"

செம்மல் நிமிர்ந்தார். மூன்றாம் பாகம் இருநூற்று நாற்பது பக்கம். பிரகதீஸ்வரி மணிக்கு அறுபது பக்கம் படிப்பாள். நாலு மணி நேரம் வேண்டும். செயலர் எப்படியும் இரண்டு மணி நேரம்.

"மிச்சம் ரெண்டு மணி நேரத்தை நானும் சாதிக் சாரும் பாத்துக்கிறோம்" என்றாள் அன்புமொழி.

மறுநாள் பத்தரை மணிக்கு மூன்றாம் பாகம் தாம்பாளத்தில் குங்குமப் பொட்டோடு வந்தது. பிரகதீஸ்வரியை வாசலில் நாற்காலி போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்த்தியிருந்தார்கள். செயலர் புத்தகத்தைக் கொடுத்தார். அவள் வாங்கினாள். போட்டோகிராபர் இன்னொரு முறை கொடுக்கச் சொன்னார். கொடுத்தார். போட்டோகிராபர் காதுகுத்துக்குப் பறந்தார். பிரகதீஸ்வரி முதல் பக்கத்தைத் திறந்தாள்.

அன்புமொழி வரவேற்புரைக்கு எழுந்தாள். அந்த வாயில்லாப் பூச்சி பேசிய பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இருபத்தாறு கிளையையும் ஒவ்வொன்றாக வரவேற்றாள். பதினான்கு சேவைகளையும் வரவேற்றாள். வராதவர்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் ஏன் வரவில்லை என்றும் விளக்கினாள். எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினாள். பொன்னாடை தீர்ந்ததும் போர்த்திக்கொண்டவர்களிடமிருந்தே மடித்து வாங்கி, வந்திருந்த சித்தப்பாமாருக்கும் போர்த்தினாள். ஒன்றேகால் மணி நேரம்.

அப்புறம் சாதிக் பாட்சா. முப்பது வருஷமாக வாரியத்தில் யாரும் அவரைப் பேசக் கூப்பிட்டதில்லை. வாரியத்தின் வரலாற்றை முதல் ரசீதுப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தார். தொண்டை கட்டியது. சோடா குடித்துவிட்டுத் தொடர்ந்தார். ஓரக்கண்ணால் பிரகதீஸ்வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று பார்த்துப் பார்த்துப் பேசினார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பந்தலில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். செம்மலுக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்போல இருந்தது.

பிரகதீஸ்வரி இந்த உலகத்திலேயே இல்லை. உதடு லேசாகத் துடித்தது. ஓரிடத்தில் சிரித்தாள். ஓரிடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நூற்று எழுபதாம் பக்கம் தாண்டிவிட்டது. இனிமேல் கவலையில்லை. செயலர் எழுந்து மைக்கைப் பிடித்துவிட்டார். இரண்டு மணி நேரம். தீர்ப்பு வந்து, அதற்கப்புறம் மூச்சு விடக்கூட நேரம் இருக்கும். வாழ்நாளில் ஒரு அதிகாரி நிறையப் பேச வேண்டும் என்று கோட்டைப் பைரவரை வேண்டிக்கொண்ட ஒரே மனுஷன் செம்மலாகத்தான் இருப்பார்.

"பெரியோர்களே," என்றார் செயலர். பிறகு நிறுத்தினார். பிரகதீஸ்வரியைப் பார்த்தார். "எத்தனையோ மேடைகளில் மணிக்கணக்காகப் பேசியவன் நான். ஆனால் இன்று என் எதிரே ஒரு நோயாளித் தாய் அமர்ந்திருக்கிறார். அவரை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் பேசுவது மனிதத்தன்மை ஆகாது. ஆகவே என் உரையை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்."

பந்தலே கைதட்டியது. பதினேழு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த முதல் உண்மையான கைதட்டல் அது.

"அய்யா, பேசுங்கய்யா!" என்று செம்மல் கத்தினார். "ஒங்க பேச்சைக் கேக்கத்தான்யா எல்லாரும் வந்திருக்கோம்!"

செயலர் அடக்கமாகச் சிரித்து, கையை உயர்த்தி மறுத்தார். செம்மல் மனைவியிடம் ஓடினார். "புள்ள, கடைசிப் பக்கத்தைப் பாத்துரு! சீக்கிரம்!"

பிரகதீஸ்வரி தலையைத் தூக்கவில்லை. "சும்மா இருங்க. சாட்சி ஓடிக்கிட்டு இருக்கு. சாட்சியைக் கேக்காம தீர்ப்பைப் பாத்தா அதுக்குப் பேரு தீர்ப்பா?"

தலைமையக உதவியாளர் ஒருவர் வந்து, மிக மரியாதையாக, இரண்டு கையாலும் புத்தகத்தை எடுத்தார். அவள் உள்ளே வைத்திருந்த விரலையும் மெதுவாக விலக்கிவிட்டார். புத்தகம் தாம்பாளத்துக்குப் போயிற்று. அப்போதுதான் அவள் நிமிர்ந்து, கனவு கலைந்தவள்போல எல்லோரையும் பார்த்தாள்.

"சார், இன்னும் கொஞ்சப் பக்கந்தான் சார்" என்றார் செம்மல். "இங்கனயே உக்காந்து முடிச்சுருவா."

"பார்த்தீர்களா இந்த ஆர்வத்தை!" என்று செயலர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "இதுதான் நமது வெற்றி. அய்யா, இது இனிமேல் படிக்கிற புத்தகம் இல்லை. வரலாறு. இல்லந்தேடிச் சென்ற முதல் நூல். தலைமையகத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம். இரண்டு பூட்டு, ஒரு சாவி என்னிடம், ஒரு சாவி மேலிடத்தில். ஆண்டுக்கு ஒருமுறை, ஆண்டு விழாவில் மட்டும், ஒரு நோயாளியின் கையில் கொடுப்போம்."

கார் கிளம்பியது. சாதிக் பாட்சா தொண்டை கட்டிப்போய், சைகையில் செம்மலின் தோளைத் தொட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். பந்தலைப் பிரித்தார்கள்.

பிரகதீஸ்வரியைத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தபோது அவள் அழுதாள். "புத்திகெட்டுப் போயிட்டேங்க. நீங்க சொன்னப்பவே கடைசிப் பக்கத்தைப் பாத்திருக்கணும். அறுபது பக்கந்தாங்க." செம்மல் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் அன்புமொழி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவை எந்த நோயாளி வீட்டில் வைப்பது என்று தேர்ந்தெடுக்கிறதற்கு இப்போதே மனு வாங்குகிறார்களாம். அவளாகக் கொடுக்க விரும்பவில்லை. ஆனால் பிரகதீஸ்வரி பார்த்துவிட்டாள்.

"இங்கிட்டுக் குடும்மா. ஏங்க, இப்பவே எழுதிக் குடுத்துருங்க. லேட்டானா வேற வீட்டுக்குப் போயிரும். அடுத்த வருசம் நூத்தி எண்பதாம் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சா, அந்த ஆளு பேசாட்டிக்கூட முடிச்சுருவேன்."

செம்மல் பேனாவை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். பெயர், வயது, நோயின் தன்மை, படிக்கும் மொழி. எல்லாம் எழுதிக் கடைசிக் கட்டத்துக்கு வந்தார். 'அடுத்த ஆண்டு விழா நாளன்று வாசகர் இல்லத்தில் இருப்பாரா? ஆம் / இல்லை' என்று கேட்டிருந்தது. டாக்டர் கொடுத்த ஆறு மாதத்தில் இனி ஒன்றரை மாதம்தான் இருந்தது. பேனா அங்கேயே நின்றது.

"என்னங்க யோசிக்கிறீங்க?" என்றாள் பிரகதீஸ்வரி. "ஆம்னு போடுங்க. நான் எங்கிட்டுப் போகப்போறேன்?"

செம்மல் ஆம் என்று எழுதினார். விதிப்படி மூன்று பிரதியிலும் எழுதினார்.